பெரும்புள்ளியும் பெரிய சீஸும்

செல்வாக்கு மிக்க ஒருவரைத் தமிழில் பெரும்புள்ளி என்கிறோம். அவர் அரசியலிலோ வணிகத்திலோ கோயில் நிருவாகத்திலோ தலைமை இடத்தில் இருக்கலாம். எந்தப் பதவியும் இல்லாமலே, அவர் சொன்னால் நடக்கும் என்னும் நிலையிலும் இருக்கலாம். இங்கே புள்ளி என்பது எழுத்தின் தலைமேல் இடுகின்ற புள்ளியைக் காட்டிலும், கணக்கில் வைத்து எண்ணப்படும் ஆளையே குறிக்கிறது. நகரத்தார் தம் கோயில்களுக்குரிய வரியை வகுக்கும்பொழுது மணமான ஒவ்வோர் ஆண்மகனின் குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணுவர். எண்ணப்படும் எல்லாரும் புள்ளிகளே. அவருள் ஒருவர்மட்டும் பெரும்புள்ளி. சொல்லின் ஆற்றல் முழுவதும் முன்னே நிற்கும் அடைமொழியில்தான் உள்ளது.

ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு வழங்கும் மரபுத்தொடர்களுள் ஒன்று ‘பிக் சீஸ்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பெரிய பாலாடைக்கட்டி’ என்றாகும். நிறுவனத்தின் தலைவர், கட்சியின் மேலிடத்தவர், எவரைப் பிடித்தால் காரியம் ஆகுமோ அவர் ஆகியோரை இது சுட்டும். இதில் மதிப்பும் உண்டு, மெல்லிய கேலியும் உண்டு. அவர் காதுபடச் சொல்லத்தக்க தொடர் அன்று. அவர் அறையை விட்டு வெளியேறிய பின்னர்ச் சொல்வது.

உண்ணும் பொருள் ஒன்று எவ்வாறு அதிகாரத்தின் பெயராயிற்று என்பதே இவ்வுரையில் நாம் ஆராயப் புகும் வினா. வினா சிறியது. ஆயினும் சொற்பிறப்பை ஆராய்வோர் எங்கே வழி தவறுகின்றனர், எங்கே வழி காண்கின்றனர் என்பதை இச்சிறு தொடர் தெளிவாகக் காட்டுகிறது. அப்பாடம் தமிழ் கற்போர்க்கும் உரியது என்பதனாலேயே இதனை இந்த அவைக்குக் கொண்டுவந்தோம்.

எல்லாத் தொடர்களும் இவ்வாறு நம்மை அலையவிடுவதில்லை. ‘பிக்விக்’ என்றொரு சொல்லும் பெரும்புள்ளியைக் குறிப்பதே. அதன் நேர்ப்பொருள் ‘பெரிய பொய்முடி’. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் செல்வரும் நீதிபதிகளும் ஆயர்களும் பொய்முடி அணிந்தனர். முடி நீண்டு அடர்ந்திருக்குமளவு விலையும் மிகும். ஆகவே தலையைப் பார்த்தே தரத்தை அறியலாம். 1795இல் பிரிட்டிஷ் அரசு முடிக்குப் பூசும் மாவின்மீது ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்த பிறகு அவ்வழக்கம் தேய்ந்தது. சொல்மட்டும் நின்றது. இதில் பொருளும் பொருளின் காரணமும் ஒருங்கே கண்ணுக்குப் புலனாகின்றன.

பாலாடைக்கட்டியின் செய்தி அத்தகையது அன்று. பெரியவரோடு அதற்கு வெளிப்படையான தொடர்பு ஏதும் இல்லை. தொடர்பு இல்லாத இடத்தில் மக்கள் ஒரு கதையைக் கொண்டுவந்து வைப்பர். இங்கே வைக்கப்பட்ட கதை சுவையானது. அதனினும் முக்கியமாக, அக்கதையில் வரும் நிகழ்ச்சி உண்மையில் நடந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செஷயர் என்றோர் ஊர். 1801இல் தாமஸ் ஜெஃபர்சன் அதிபராகப் பொறுப்பேற்றபொழுது அவ்வூர் உழவர்கள் பெருமகிழ்ச்சி அடைந்தனர். அவர்கள் பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்தோர். சமய உரிமைக்குக் குரல் கொடுத்த ஜெஃபர்சனைத் தம் காவலராகக் கருதினர். அவர்களுடைய போதகர் ஜான் லீலண்ட் ஒரு வழி சொன்னார்: ஊரில் உள்ள பசுக்களின் பாலையெல்லாம் திரட்டி, எவரும் கண்டிராத அளவில் ஒரே பாலாடைக்கட்டி செய்து அதிபருக்கு அனுப்புவது. எதிர்க்கட்சியாகிய ஃபெடரலிஸ்ட்டுகளின் பசுக்களிடமிருந்து ஒரு துளிப் பாலும் இதில் சேரவில்லை என்று அவர்கள் பெருமை பேசிக்கொண்டனர். பசுவுக்கும் கட்சி உண்டு போலும்! கட்டியின் எடை 1,235 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 560 கிலோகிராம். சறுக்குவண்டியிலும் கப்பலிலும் ஏற்றப்பட்டு அது தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தது. 1802 ஜனவரி முதல் நாள் ஜெஃபர்சன் அதனைப் பெற்றுக்கொண்டார். பதவியில் இருப்பவர் பரிசு பெறலாகாது என்னும் கொள்கையினர் ஆதலின் 200 டாலர் கொடுத்தே ஏற்றார். டான்பரி என்னும் ஊரின் பாப்டிஸ்ட்டுகளுக்கு, சமயத்துக்கும் அரசுக்கும் இடையே மதில் ஒன்று வேண்டும் என்னும் கருத்தமைந்த புகழ்பெற்ற மடலை அவர் எழுதியதும் அதே நாளில்தான். மடல் அமெரிக்கச் சட்ட வரலாற்றில் இடம் பெற்றது. பாலாடைக்கட்டி சொற்பிறப்புக் கதையில் இடம் பெற்றது.

இதற்கு ஓர் இளவலும் உண்டு. நியூயார்க் மாநில உழவர் ஒருவர் 1,400 பவுண்டு எடையுள்ள கட்டி ஒன்றை அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு அனுப்பிவைத்தார். அது வெள்ளை மாளிகையில் நெடுநாள் முதிர்ந்து கிடந்தது. 1837 பிப்ரவரி 22ஆம் நாள் மாளிகைக் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. வந்த கூட்டம் இரண்டு மணி நேர அளவில் அதனைத் தின்று தீர்த்தது. நாற்றம் நீங்குவதற்குத்தான் அதனினும் நெடுங்காலம் ஆயிற்று.

நாட்டின் தலைவருக்குப் பெரிய பாலாடைக்கட்டி வந்தது. ஆகவே தலைவரைப் ‘பெரிய பாலாடைக்கட்டி’ என்றனர். இவ்வளவு பொருத்தமான விளக்கத்தைக் கேட்டவர் மேற்கொண்டு எதையும் தேடமாட்டார். ஆனால் தேடவேண்டும். ஜெஃபர்சன் காலத்துச் செய்தித்தாள்கள் அக்கட்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின, பாட்டும் கட்டின. அதிபரை அப்பெயரால் அழைக்கும் மரபோ அதிலிருந்து கிளைக்கவில்லை. செல்வாக்குடைய ஆள் என்னும் பொருளில் இத்தொடர் அமெரிக்க அச்சில் வழக்கூன்றுவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஜாக்சனின் விருந்துக்கும் அதற்கும் இடையே முக்கால் நூற்றாண்டு கிடக்கிறது. ஒரு சொல் ஒருநாள் பிறந்து, எழுபது ஆண்டு எவர் வாயிலும் வழங்காமல் உறங்கி, பின்னர் முழுப்பொருளோடு எழுந்து வருவதில்லை. நிகழ்ச்சி மெய்யானது என்பதால் அதனோடு கட்டிய முடிச்சும் மெய்யாகிவிடாது.

அந்த இடைவெளியில் வேறோர் இடத்தில் இச்சொல் உயிரோடு உலவியது. இடம் இலண்டன். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அந்நகரக் கொச்சைப் பேச்சில் ‘அதுதான் சீஸ்’ என்றால் ‘அதுதான் சரியானது, அசலானது, முதல் தரமானது’ என்று பொருள். உண்ணும் கட்டிக்கும் இதற்கும் உறவு இல்லை. இப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை தருவது இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் இருவர் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதி.

1886இல் வெளிவந்த அந்நூலின் ஆசிரியர்கள் ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் ஆகியோர். யூல் வங்காளப் பொறியியல் படைப்பிரிவைச் சார்ந்தவர். பர்னெலோ நமக்கு நெருங்கியவர். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்து, தஞ்சாவூரில் நீதிபதியாக அமர்ந்து, அங்குள்ள அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் வகுத்தவர்; தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை ஆராய்ந்து 1874இல் நூல் வெளியிட்டவர். அகராதி அச்சேறுவதற்கு நான்கு ஆண்டு முன்னரே, 1882இல், அவர் காலமானார். யூல் தனியே நின்று முடித்தார்.

பாரசீகத்திலும் இந்துஸ்தானியிலும் ‘சீஸ்’ என்று ஒலிக்கும் ஒரு சொல் உண்டு. ‘பொருள்’ என்பதே அதன் பொருள். கையில் உள்ளது, கடையில் உள்ளது, பெயர் தெரியாதது எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர். இந்தியாவில் பணியாற்றிய இளம் ஆங்கிலேயர் அதனைத் தம் பேச்சில் கலந்து, நல்ல பொருள் எதனையும் ‘அசல் சீஸ்’ என்று பாராட்டினர். இலண்டன் கொச்சைக்கு மிகவும் ஏற்புடைய மூலம் இதுவே என்பது அவ்வகராதியின் முடிவு. அங்கே எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் பேச்சுகள் இரண்டு. ஒன்று புதிதாக வாங்கிய அரபுக் குதிரையைப் பற்றியது. மற்றொன்று ‘செரூட்’ என்னும் புகைச்சுருளைப் பற்றியது. அந்தச் செரூட் நம் ‘சுருட்டு’ ஆங்கிலம் புகுந்த வடிவம். பாரசீகச் சொல் ஒன்றுக்கு வரலாறு எழுதும் வரியில் தமிழ்ச் சொல் ஒன்று தற்செயலாக வந்து அமர்ந்திருக்கிறது.

பொருளைக் குறிக்கும் பிறமொழிச் சொல் ஆங்கிலக் காதில் பாலாடைக்கட்டியாக விழுந்ததில் வியப்பில்லை. அறியாத ஒலியை அறிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது படைவீரர் வழக்கம். அவ்வகராதியின் பெயரே அதற்குச் சான்று. முகரம் ஊர்வலத்தில் ஹசன், ஹுசைன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி மக்கள் எழுப்பும் புலம்பலை, பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஹாப்சன், ஜாப்சன் என்னும் இரண்டு ஆங்கிலக் குடும்பப் பெயர்களாக்கிக் கொண்டனர்.

இச்சொல் கப்பலேறி இலண்டன் சேர்ந்த வழியும் மறைவானது அன்று. கிழக்கிந்தியக் கும்பினியில் பொருள் குவித்துத் தாயகம் மீண்டவர்களை 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ‘நேபாப்’ என்று எள்ளினர். நவாப் என்பதன் சிதைவு அது. அவர்கள் நிலம் வாங்கினர், நாடாளுமன்ற இடங்களையும் விலைக்கு வாங்கினர். 1772இல் சாமுவேல் ஃபூட் அவர்களைப் பகடி செய்து அப்பெயரிலேயே நாடகம் ஒன்றை மேடையேற்றினார். அவர்களுடைய பெட்டிகளில் வைரம் வந்தது. நாவில் சொற்கள் வந்தன. மலாயாக் கரையிலும் அதே பேச்சு வழங்கிற்று. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டவை அல்லவா?

‘சரியான பொருள்’ எப்பொழுது ‘பெரிய ஆள்’ ஆனது? அம்மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. பெரிய என்னும் அடையை ஏதேனும் ஓர் எளிய பெயரின்முன் இட்டு மேலிடத்தாரைக் குறிப்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கருக்கு விருப்பமான விளையாட்டு. பெரிய பூச்சி என்றனர், பெரிய பீரங்கி என்றனர், பெரிய மீன் என்றனர். அவ்வார்ப்பில் சீஸும் ஊற்றப்பட்டது. பொருளைக் குறிக்கும் சொல் மனிதர்மேல் ஏறுவதும் புதிதன்று. சப்பானியத்தில் பெரும்புள்ளிக்குரிய ‘ஓமோனோ’ என்பதன் நேர்ப்பொருள் ‘பெரிய பொருள்’. சீனத்தில் ‘தா ரென்வு’ என்பர். அதன் ஈற்றில் நிற்கும் ‘வு’வும் பொருள் என்பதே. ஒருவரோடொருவர் கலந்து பேசாமலே மூன்று மொழியினரும் ஒரே வழியில் நடந்திருக்கின்றனர்.

இச்சொல்லின் உறவினர் ஒருவரின் வீழ்ச்சியையும் சொல்லிச் செல்லலாம். ‘சீஸி’ என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ‘பகட்டானது, சிறந்தது’ என்று பொருள்பட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் ‘மலிவானது’ என்னும் பொருளுக்கு இறங்கி, அங்கேயே நிலைத்துவிட்டது.

பாரசீக மூலத்தை நாம் ஏற்பதற்குக் காரணம் ஒலி ஒப்புமைமட்டும் அன்று. அச்சொல்லைப் பேசியவர் யார் என்பது தெரியும்; எவ்வழியாகப் போயிற்று என்பது தெரியும்; இடைக்காலத்தில் எப்பொருளில் வழங்கிற்று என்பதும் தெரியும். ஜெஃபர்சன் கதையில் இம்மூன்றும் இல்லை. இந்த அளவுகோலை, நாம் வாழும் நிலத்தோடு தொடர்புடைய மற்றொரு சொல்லின்மேல் வைத்துப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் உயர்நிலை அதிகாரிகளை ‘மாண்டரின்’ என்பர். முதலில் சீனப் பேரரசின் அதிகாரிகளுக்கு வழங்கிய பெயர். ஆயினும் சீனச்சொல் அன்று. சீனர் தம் அதிகாரியைக் ‘குவான்’ என்றே அழைத்தனர். போர்ச்சுக்கீசிய மொழியில் ‘மண்டார்’ என்றால் கட்டளையிடுதல். எனவே கட்டளையிடுபவரே மாண்டரின் என்று ஐரோப்பிய அறிஞர் சிலர் நெடுங்காலம் எழுதிவந்தனர். ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. ஆனால் அது பிழை. அப்பிழையை யூல் தம் அகராதியில் கடிந்தே மறுக்கிறார்.

1511இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். மலாய் அரசவையின் பெரியோர் ‘மந்திரி’ எனப்பட்டனர். வடமொழியிலிருந்து மலாய் பெற்ற சொல் அது, இன்றைய எழுத்தில் ‘மென்தெரி’. இரண்டு ஆண்டுகளில், மலாக்காவிலிருந்து புறப்பட்ட ஜார்ஜ் ஆல்வரஸ் சீனக் கரையை அடைந்தார். அங்கே கண்ட அதிகாரிகளைச் சுட்டப் போர்ச்சுக்கீசியரின் கையில் இருந்தது மலாக்காவில் கற்ற சொல். அதனையே வழங்கினர். தம் மொழியின் ‘மண்டார்’ காதில் ஒலித்ததால் இடையெழுத்துமட்டும் திரிந்தது. பிழையான அந்த விளக்கமும் சொல்லின் உடலில் ஒரு வடுவை விட்டுத்தான் சென்றிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் அதனைப் பெற்றது.

சீன அதிகாரிகள் பேசிய பொதுமொழி ‘குவான்ஹுவா’, அதாவது அதிகாரிகளின் பேச்சு. ஐரோப்பியர் அதனை மாண்டரின் மொழி என்றனர். ஆகவே சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றின் ஆங்கிலப் பெயருக்குள், மலாய் நாவில் தவழ்ந்த வடசொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. மலேசியாவில் ஆட்சியாளர்களையுடைய ஒன்பது மாநிலங்களில் அரசுத் தலைவர் இன்றும் மென்தெரி பெசார்; தமிழ் நாளிதழ்கள் ‘மந்திரி பெசார்’ என்றே எழுதுகின்றன. இலண்டனிலோ மாண்டரின் என்றால் அமைச்சர் அல்லர். தேர்தலில் அமைச்சர்கள் வந்து போனாலும் தம் நாற்காலியில் நிலைத்திருக்கும் மூத்த அரசு ஊழியர். மந்திரி என்னும் சொல், மந்திரிக்கு அறிவுரை கூறுபவரைக் குறிக்குமாறு அங்கே திரும்பிவிட்டது.

இவ்விடத்தில் நாம் ஒன்றைத் தயங்காமல் சொல்லவேண்டும். மாண்டரின் என்பது தமிழ்ச் சொல் என்று மேடையில் முழங்கக் கேட்கிறோம். மந்திரி என்று நாமும் சொல்கிறோம், ஒலி ஒத்திருக்கிறது, ஆகவே நம்முடையது என்பது வாதம். நம் மந்திரியும் மலாய் மந்திரியும் வடமொழித் தாயின் மக்கள். மாண்டரின் மலாய்ச் சகோதரியின் பிள்ளை. நாம் அதற்குப் பெற்றோர் அல்லோம், உறவினர். இம்முறையில் போனால் நாளை ஒருவர் ‘சீர்’ என்பதே ‘சீஸ்’ ஆயிற்று என்றும் எழுதுவார். சிறந்தது என்னும் பொருள்கூடப் பொருந்துகிறதே! ஜெஃபர்சன் கதையைக் காட்டிலும் அது எவ்வகையில் உயர்ந்தது?

இத்தகைய பொய்க்கணக்கு மெய்க்கணக்கைக் கெடுக்கிறது. சுருட்டு செரூட் ஆனதும், கட்டுமரம் கட்டமரான் ஆனதும் அகராதிகள் ஏற்ற செய்திகள். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற சரக்கறைகளுக்குரிய ‘கோடவுன்’ என்னும் பெயரை ஹாப்சன்-ஜாப்சன் மலாயின் ‘குடாங்’ வழியாகத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுசெல்கிறது; தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி. தெலுங்கையும் சேர்த்தே சொல்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இச்சொற்களுக்குப் பேசியவரும் வழியும் காலமும் உண்டு. இவற்றை, ஒலியைமட்டும் நம்பிச் சேர்த்த நூறு சொற்களோடு ஒரே பட்டியலில் இட்டால், படிக்கும் பிறமொழி அறிஞர் முதற்பிழையைக் கண்டதும் பட்டியலையே மூடிவைப்பார். இழப்பு சுருட்டுக்கும் கிடங்குக்குந்தான்.

தொடங்கிய இடத்தில் ஒரு செய்தி எஞ்சியுள்ளது. பெரிய சீஸ் பாரசீகம் என்றால், கடையில் விற்கும் பாலாடைக்கட்டியின் ஆங்கிலப் பெயர் எங்கிருந்து வந்தது? இலத்தீனின் ‘காசியுஸ்’ என்பதிலிருந்து. அதே இலத்தீன் சொல் போர்ச்சுக்கீசியத்தில் ‘கெய்ஜோ’ ஆகி, அவர்களோடு மலாய் உலகுக்கு வந்து ‘கேஜு’ ஆயிற்று. மந்திரியை எடுத்துச் சென்றவர்களே கேஜுவைக் கொண்டுவந்து கொடுத்தனர். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ கடைக்குச் சென்று பொதியின்மேல் ஆங்கிலத்திலும் மலாயிலும் உள்ள பெயர்களைப் பார்த்தால், அவ்விரண்டும் உடன்பிறப்புகள். செல்வர்க்கும் தலைவர்க்கும் வழங்கும் அந்தப் பெரிய சீஸ்மட்டும் அக்குடும்பத்தில் சேராதது.